ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள்

ஒரு கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே நிறுவி, இயக்கும்போதெல்லாம் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு 'டூயல் பூட்' எனப்படுகிறது. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்ததால், இம்முறை தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் புதிதன்று.

நிறுவும் முன் கோப்புகளை வேறொரு வட்டில் படியெடுத்து வைப்பது கட்டாயம்; பகிர்வு, அதாவது வட்டின் தனித்தனிக் கூறு, தவறாக அழிக்கப்பட்டால் ஆண்டுக்கணக்கான புகைப்படங்கள் ஒரு நொடியில் போய்விடும். பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் இயங்கும் கணினியில் அதன் 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதி வைக்க வேண்டும். விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' கருவியால் அதன் பகிர்வைச் சுருக்கி, விடுபட்ட இடத்தில் உபுண்டு போன்ற லினக்ஸை நிறுவினால், கணினி தொடங்கும்போது தேர்வுப் பட்டியலைக் காட்டும் 'கிரப்' என்ற சிறு நிரலும் உடன் அமைந்துவிடும். விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு என்ற வரிசையே தொல்லையற்றது.

பலரைக் குழப்புவது கடிகாரம். கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்வதால், லினக்ஸில் காலை 10 மணி காட்டிய கணினி, விண்டோஸுக்கு மாறியதும் 4.30 எனக் காட்டக்கூடும். இது பழுதன்று, இந்திய நேரத்துக்குரிய ஐந்தரை மணி வேறுபாடே. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தைப் பின்பற்றும்படி அமைத்தால் இது நீங்கும்.