ரப்பர் தோட்டத்தில் கட்டுரை பழகுதல்

எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் வாங்காமல், எழுதிய கட்டுரைக்குச் சன்மானம் பெறுகிறவரை ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் என்கிறோம். பெயர்தான் புதிது, வழக்கம் பழையது. தமிழில் அறிவியலை எளிமையாகச் சொன்ன முன்னோடியான பெ.நா. அப்புசுவாமி தொழிலால் வழக்கறிஞர். 1986இல் இறக்கும்வரை ஏறத்தாழ எழுபது ஆண்டு எழுதிக்கொண்டே இருந்தார். நாஞ்சில் நாடன் மும்பையில் விற்பனைப் பிரதிநிதியாக அலைந்துகொண்டே எழுதினார். குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களைக் களமாகக் கொண்ட ‘ரப்பர்’ நாவல் 1990இல் வெளிவந்தபோது ஜெயமோகன் தொலைபேசித் துறை ஊழியர்.

அதே குமரி மாவட்டத்தின் குலசேகரத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்குகிற ஒருவருக்கு, சென்னை தூரமாக இருப்பது குறையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதிதாகக் கட்டுரை எழுதுகிறவருக்கு வேண்டிய முதல் வசதி, எழுதப்போகும் பொருளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க முடிவது. திருவட்டாறு சாலையிலோ பேச்சிப்பாறை சாலையிலோ கொஞ்ச தூரம் போனால் ரப்பர் மரம். அங்கே பால் வெட்டுகிறவர் நாளைக்கும் வருவார். இன்று கேட்க மறந்ததை நாளை கேட்கலாம். வெளியூரிலிருந்து ஒரு நாள் வந்து போகிற எழுத்தாளருக்கு இது கிடைக்காது.

முதல் வரைவில் பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியம் விழும்: “அதிகாலையில் தொழிலாளர்கள் ரப்பர் மரங்களைக் கீறி, அதன் சாற்றைச் சிரட்டைகளில் சேகரிக்கின்றனர்.” இலக்கணம் சரி. ஆனால் இதை எழுதக் குலசேகரத்துக்கு வர வேண்டியதே இல்லை. தகவலிலும் ஒரு தவறு இருக்கிறது. வேரிலிருந்து மரக்கட்டை வழியாக மேலேறும் சாறு வேறு, ரப்பர் பால் வேறு. பால் இருப்பது பட்டையின் உட்பகுதியில் ஓடும் தனிக் குழாய்களில்.

இந்த வாக்கியத்தைத் திருத்த மொழிநடைப் பயிற்சி உதவாது. அது தாண்டிப்போன கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். ஏன் அதிகாலை? விடியற்காலையில் பால் குழாய்களுக்குள் அழுத்தம் மிக அதிகம்; வளிமண்டல அழுத்தத்தைப் போல் பத்து மடங்கு வரைகூட இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகிப் போக, அந்த அழுத்தம் இறங்குகிறது, பாலும் குறைகிறது. எந்தப் பக்கமாக வெட்டுகிறார்கள்? மரத்தைப் பார்த்து நிற்கிறவருக்கு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி, ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில். பால் குழாய்கள் நேர் செங்குத்தாக இல்லாமல் மேலே போகப் போக வலப்பக்கம் சற்றே சாய்ந்திருப்பதால், இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும்.

எவ்வளவு ஆழம் என்பதில்தான் வெட்டுகிறவரின் கைத்திறன் தெரியும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய வளரடுக்கு இருக்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நின்றுவிட வேண்டும். மேலோட்டமாக வெட்டினால் பால் கிடைக்காது. கேம்பியத்தில் பட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அந்த இடத்தில் மறுபடி வெட்ட வரும்போது கத்தி ஓடாது. தலைவிளக்கு வெளிச்சத்தில், மரத்துக்குச் சில நொடிகளில், இதைச் செய்கிறார்கள்.

இத்தனையும் தெரிந்தபின் அதே வாக்கியம் இப்படி மாறும்: “வெயில் வந்தால் பால் குறையும் என்பதால் வெட்டுகிறவர் இருட்டிலேயே தோட்டத்துக்குள் நுழைகிறார். முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுகிறார். அதே தடத்தின் கீழ் விளிம்பில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையைச் சீவி எடுக்கிறார். வெள்ளைக் கோடு ஒன்று திரண்டு, தகரத்தின் வழியாகச் சிரட்டைக்குள் இறங்குகிறது. இரண்டு மூன்று மணி நேரத்தில் குழாய்களின் வாயில் பாலே உறைந்து அடைத்துக்கொள்ளும்.” அலங்காரமாக இதில் எதுவும் சேரவில்லை. ஒவ்வொரு செயலுக்கும் காரணம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விவரம் கேட்பதற்கும் பழக வேண்டும். “உங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் எல்லாரும் பொதுவாகத்தான் பேசுவார்கள். “புதுசா வெட்டப் படிக்கிற பையன் எங்க தப்பு பண்ணுவான் அண்ணே?” என்று கேட்டால் பேச்சு கத்தி முனைக்கே வந்துவிடும். மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்பதும் நல்ல கேள்வி. இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி வெட்டுத்தடத்தைக் காப்பாற்றும் வேலையைப் பற்றித் தனியாக ஒரு பத்தி எழுதலாம். பேசும்போதே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் அவருடைய சொற்கள் போய், நம்முடைய சொற்கள் வந்து உட்கார்ந்துவிடும்.

கேட்டதை ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். கோட்டயத்தில் ரப்பர் வாரியம் இருக்கிறது. நாகர்கோவிலில் தமிழ்நாடு அரசின் அரசு ரப்பர் கழகம் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாளாவது மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்பது பரிந்துரை. சிறு தோட்டங்களில் தினமும் வெட்டுகிறவர்களும் உண்டு. இப்படி ஏடும் களமும் முரண்படும் இடத்தைப் புதிய எழுத்தாளர்கள் பயந்து விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கட்டுரையின் உயிர் இருக்கிறது என்பேன். ரப்பர் ஷீட்டின் விலை விழும்போது ஒரு சிறு விவசாயி என்ன செய்வார், அதை மரம் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கணக்கு அந்த முரணிலிருந்துதான் வெளிவரும்.

பிரேசிலிலிருந்து 1876இல் விக்காம் கொண்டுபோன விதைகள், லண்டன் கியூ தோட்டம், இலங்கையின் ஹெனரத்கொட என்று வரலாற்றில் தொடங்குவது எல்லாருக்கும் கைவருகிற தொடக்கம். அதை முதல் பத்தியிலிருந்து எடுத்துவிடலாம். மரத்தைக் கொல்லாமல் ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பச் சீவும் முறையைச் சிங்கப்பூரில் தாவரவியலாளர் ரிட்லி வகுத்தார் என்ற செய்தி, வெட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் வந்தால் வாசகர் ஆவலோடு படிப்பார்.

எழுதி முடித்ததும் உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக்குங்கள். பிறகு வெட்டுகிறவரிடமே படித்துக் காட்டுங்கள். எந்த ஆசிரியரும் கண்டுபிடிக்க முடியாத பிழையை அவர் உடனே பிடிப்பார். ரப்பர் மரத்தையே பார்த்திராத ஒருவருக்கும், தஞ்சாவூர்க்காரர் யாராவது கிடைத்தால் நல்லது, படிக்கக் கொடுங்கள். ‘ஷீட்’ என்றால் என்ன என்று அவர் கேட்டால், பாலில் அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகைபோட்டு உலர்த்திய தகடு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று பொருள்.

ஒரு குறிப்பேட்டிலிருந்து ஒரே கட்டுரைதான் வர வேண்டும் என்பதில்லை. சன்மானத்தில் பிழைக்கிறவர் இதை முதலிலேயே கற்றுக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் இலை உதிர்த்த ரப்பர் மரம் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசிகிறது. மார்த்தாண்டம் தேனுக்கு இதுவே பெரிய ஆதாரம். பூவிலிருந்து வராத தேன். பால் வெட்டைப் பார்க்கப் போன நாட்களில் தேன்பெட்டிகளையும் பார்த்துவைத்தால், அடுத்த கட்டுரைக்கான கடிதத்தை நவம்பரிலேயே ஆசிரியருக்கு அனுப்பிவிடலாம். மாத இதழ்கள் பிப்ரவரி, மார்ச் பக்கங்களை அதற்குப் பிறகு முடிவு செய்துவிடும். தேன் எடுக்கும் பருவமும் அதே மாதங்கள்தான்.