ஆற்றங்கரைத் தாவரங்கள் – 14: பாய்க்கோரை

சென்ற வாரம் பார்த்த நாணல், புல் இனம். அதன் பக்கத்திலேயே வளர்ந்தாலும் கோரை புல் அல்ல. சைப்பரேசியே என்ற தனிக்குடும்பம் அதற்கு உண்டு. உலகெங்கும் ஏறத்தாழ 5,500 இனங்கள் அதில் அடங்கும். நிலத்தடித் தண்டிலிருந்து ஆண்டுக்கணக்கில் துளிர்த்துக்கொண்டே இருக்கும் பல்லாண்டுத் தாவரம் பாய்க்கோரை. அறுக்க அறுக்கக் கிளம்பும் என்பதால்தான் முசிறிப் பக்கம் அதை வயலில் பயிராகவே வைத்திருக்கிறார்கள்.

ஒரு தண்டை அறுத்துப் பாருங்கள். புல்லின் தண்டில் கணுக்கள் இருக்கும். பெரும்பாலும் கணுக்களுக்கு இடையே உள்ளே வெறுமையாகவும் இருக்கும். கோரையின் உள்ளே வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும், அதில் நுண்ணிய காற்றறைகள். ஈரச்சேற்றில் நிற்கும் செடிக்கு அடிவரை காற்று போக வழி அதுதான். பச்சைத் தோலுக்குச் சற்று உள்ளே நார்க்கற்றைகள் நீளவாட்டில் ஓடுகின்றன. முக்கியமானது, அடியிலிருந்து பூங்கொத்து வரை ஒரு கணுகூடக் கிடையாது. முழு நீளமும் ஒரே கணுவிடை. அதனால்தான் பத்தமடையில் சோற்றை நீக்கிவிட்டுத் தண்டை மயிரிழையாகக் கிழிக்கும்போது இழை நடுவில் அறுந்துபோவதில்லை. கைத்திறனைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. இந்தக் கணுவில்லாத தண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

இலையோ பெயருக்குத்தான். அடியில் வெறும் உறைகளாகச் சுருங்கிப்போய்விடும். உணவு சமைக்கும் வேலையைப் பச்சைத் தண்டே செய்கிறது. வயலில் களையாக வந்து தொல்லை கொடுக்கும், வைத்தியர் முத்தக்காசு என்று சொல்லும் கோரைக்கிழங்கு இதே பேரினம்தான். ஆனால் அதற்கு அடியில் இலைகள் அடர்ந்திருக்கும், மண்ணுக்குள் கிழங்குகள் சரமாகக் கோத்திருக்கும்.

இனத்தைப் பிரித்தறிய வேண்டுமானால் உச்சிக்குத்தான் போகவேண்டும். பழுப்புச் சிறுகதிர்களில் செதில்கள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு செதிலின் கக்கத்திலும் இதழே இல்லாத ஒரு பூ. பொதுவாக மூன்று மகரந்தத்தாள்; மூன்றாகக் கிளைத்த சூல்முடி; முப்பட்டை விதைக்காய். இந்தக் குடும்பத்துக்கு ஒரு வினோதமும் உண்டு. மகரந்தத் தாய்ச்செல் நான்காகப் பிரிந்ததும் மூன்று நலிந்துவிட, ஒன்று மட்டுமே தூளாகிறது. தாவர உலகில் இது அரிது.

பாய்க்கோரையின் அறிவியல் பெயர் சைப்பரஸ் பங்கோரெய். பெயரிலேயே நம் கோரை உட்கார்ந்திருக்கிறது. லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768இல் டேனிஷ் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் அனுப்பிய கோரைகள் பலவற்றை கோபன்ஹேகனில் இருந்த ராட்பல் ஆராய்ந்து, 1773இல் படங்களோடு நூலாக்கினார். பங்கோரெய் அதில்தான் முதலில் இடம்பெற்றது. பின்னாளில் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் அதே செடிக்கு, பாய்க்கு உரியது என்ற பொருளில் டெகிட்டம் என்று இன்னொரு பெயர் வைத்தார். முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விதி. எனவே ராக்ஸ்பர்க்கின் பெயர் இன்று இணைப்பெயர் மட்டுமே. ஆனாலும் வங்கத்து மாதுர் பாயைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் இன்னும் டெகிட்டத்தை விடவில்லை.

பெரிய குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. பத்தமடைப் பாய்க்குரிய கோரை எது? சில நூல்கள் பங்கோரெய் என்கின்றன. சில, சைப்பரஸ் கோரிம்போசஸ் என்கின்றன. இதற்கும் பெயரிட்டவர் ராட்பல்தான், ஆண்டும் அதே 1773. இரண்டுமே இலை சுருங்கி, தண்டே செடியாக நிற்பவை. அடையாளம் முழுக்கச் சிறுகதிரிலும் செதிலிலும் இருக்க, பாய் முடைபவருக்கு முதல் வேலையே தலையை வெட்டி எறிவது. கட்டாகக் கட்டிவைத்த கோரையை மட்டும் பார்த்துவிட்டு இனத்தின் பெயரை உறுதியாக எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் அறுவடைக்கு முன்பே வயலுக்குப் போய், பூங்கொத்தோடும் வேர்த்தண்டோடும் ஒரு செடியைப் பிடுங்கி, அழுத்தி உலர்த்தி வைக்கவேண்டும்.

பேரின அளவிலும் எல்லைகள் மாறிவிட்டன. உருண்டைத் தலையுள்ள கைலிங்கா என்ற பேரினத்தை நிறுவியவரும் ராட்பல்தான். மரபணு ஒப்பீட்டில் அது சைப்பரஸ் கிளைக்கு உள்ளேயே முளைத்திருப்பது தெரிந்தது. 2014இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கைலிங்காவையும் பைக்ரியஸ் என்ற இன்னொரு பேரினத்தையும் சைப்பரஸோடு இணைத்தார்கள். இன்று அந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 950 இனங்கள். பழைய தாவர ஏடுகளை வைத்துக்கொண்டு அடையாளம் காண்பவர்கள் மூன்று பெயர்களிலும் தேடவேண்டியிருக்கும்.

(அடுத்த வாரம்: சம்பு)