ராக்கெட் கையில் இல்லை

2025 ஜூன் 1, பாரிஸ். பிரெஞ்சு ஓபன் நான்காவது சுற்று. பென் ஷெல்டன் அடித்த பந்து, வலையருகே நின்ற கார்லோஸ் அல்கராஸைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. எட்டாது என்று தெரிந்தும் அல்கராஸ் பாய்ந்தார். ராக்கெட் கையை விட்டுப் பறந்தது. பறந்த ராக்கெட்டில் பந்து பட்டு, ஷெல்டன் பக்கம் போய் அழகாக விழுந்தது. அரங்கமே எழுந்து கத்தியது. புள்ளி அல்கராஸுக்கு என்றுதான் அம்பயரும் நினைத்தார். அல்கராஸ் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார்: பந்து படும்போது ராக்கெட் என் கையில் இல்லை.

ராக்கெட் கையில் இருந்தால்தான் அடி செல்லும் என்பது விதி. புள்ளி ஷெல்டனுக்குப் போனது. சொல்லாமல் விட்டிருந்தால் மனசு உறுத்தியிருக்கும் என்ற பொருளில் பிறகு பேசினார் அல்கராஸ்.

தெரு கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு இந்தக் காட்சி கொஞ்சம் அந்நியமானது. மட்டையில் உரசிய பந்தை உரசவே இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தவர்கள் நாம். அதற்கு நம்மிடம் அருமையான ஒரு சொல்லும் உண்டு: போங்கு. அன்றிரவு எங்கள் டென்னிஸ் நண்பர்கள் வட்டத்தில் நடந்த விவாதமும் இந்தச் சொல்லைச் சுற்றியே ஓடியது. “மனுஷன்யா” என்றார் ஒருவர். “இத்தனை கேமரா இருக்கும்போது ஒத்துக்காம என்ன செய்வான்? நாளைக்கு ஸ்லோ மோஷன்ல போட்டுக் கிழிப்பாங்க” என்றார் அல்கராஸின் போட்டியாளர் சின்னரின் பக்தரான இன்னொருவர். “தோற்கிற நிலையில இருந்தா சொல்லியிருப்பானா?” என்றது மூன்றாவது குரல். அல்கராஸ் நான்கு செட்களில் வென்றுவிட்டதால், அந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போனது.

அந்த சீசன் முழுக்க இப்படித்தான். யார் ஜெயித்தார் என்பதில் சண்டையே இல்லை, ஸ்கோர் போர்டு இருக்கிறது. யார் நல்லவர் என்பதில்தான் சண்டை.

இதில் ஒரு வேடிக்கை. பந்து கோட்டில் பட்டதா, வெளியே போனதா என்ற பழைய தகராறுக்கு முடிவுகட்டத்தான் இயந்திரங்கள் வந்தன. 2025இல் ஆண்கள் ஏடிபி போட்டிகளில் களிமண் தரை உட்பட எல்லா இடத்திலும் மின்னணுக் கண்தான் தீர்ப்பு சொன்னது. விம்பிள்டனிலும் அந்த ஆண்டுதான் முதன்முறையாகக் கோட்டு நடுவர்கள் இல்லாமல் ஆட்டம் நடந்தது. கிராண்ட் ஸ்லாம்களில் பாரிஸ் மட்டும் பிடிவாதமாக மனிதர்களை வைத்துக்கொண்டது. அங்கே அம்பயர் இன்னமும் நாற்காலியிலிருந்து இறங்கிவந்து, செம்மண்ணில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்க்கிறார். எனக்கு அது பிடிக்கும். பஞ்சாயத்துக்கு ஒரு முகம் வேண்டாமா?

இயந்திரம் வந்தும் தகராறு ஓயவில்லை. ஏப்ரலில் மாட்ரிட்டில் அலெக்சாண்டர் ஸ்வெரெவ், பந்து வெளியே விழுந்த தடம் கண்ணெதிரே தெரிகிறது, இயந்திரமோ உள்ளே என்கிறது என்று சொல்லி, செல்போனை எடுத்துத் தடத்தைப் படம்பிடித்தார். விளையாட்டு நெறிக்குப் புறம்பான செயல் என்று அவருக்கு எச்சரிக்கை கிடைத்தது. அதே மாதம் ஸ்டுட்கார்ட் பெண்கள் போட்டியில் அரினா சபலென்காவும் தடத்தைப் படமெடுத்தவர்தான்; அது மனிதத் தீர்ப்பின் மேல் வந்த கோபம். ஆதாரத்தைக் காட்டுவது எப்போது நெறி மீறலாகிறது என்று எங்களுக்குள் அரை மணி நேரம் வாதாடினோம். விடை கிடைக்கவில்லை, டீ ஆறிப்போனது.

விம்பிள்டனில் நடந்தது இன்னும் விநோதம். ஜூலை 6. அனஸ்தேசியா பவ்லியுசென்கோவாவும் இங்கிலாந்தின் சோனே கார்ட்டலும் மோதிய நான்காம் சுற்று. முதல் செட் 4-4. கார்ட்டல் அடித்த பந்து கோட்டைத் தாண்டித் தெளிவாக வெளியே விழுந்தது. இயந்திரம் வாயே திறக்கவில்லை. மைதானத்தின் அந்தப் பக்கத்துக்கான கருவியை இயக்குபவர் தவறுதலாக அணைத்துவைத்திருந்தார். அம்பயர் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார், அந்த கேம் கார்ட்டலுக்குப் போனது. என்னிடமிருந்து கேமைத் திருடிவிட்டீர்கள் என்று பவ்லியுசென்கோவா கொதித்தார். ஆட்டத்தை அவர்தான் வென்றார் என்பது வேறு கதை.

எல்லோரும் கருவியைத் திட்டினார்கள், அம்பயரைத் திட்டினார்கள். அல்கராஸின் ராக்கெட் நினைவில் இருந்ததால் எனக்கு மட்டும் ஒரு குறுகுறுப்பு. கார்ட்டல் “வெளியேதான் போச்சு” என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? விதி தடுக்காது. ஆனால் அவர் அடித்த பந்து, வலைக்கு அப்பால், மறுகோடியில் விழுந்தது. அவர் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்தது என்று யாருக்குத் தெரியும்? உள்ளூர்ப் பெண், உள்ளூர்க் கூட்டம், முதன்முதலாக எட்டிய நான்காம் சுற்று. கையை விட்டுப் போன ராக்கெட் அல்கராஸுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோடுகளை இயந்திரம் எடுத்துக்கொண்டபின், அது தொட முடியாத இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டது பஞ்சாயத்து. பந்து வலையின் மேல்பட்டையில் பட்டு, தயங்கி, எதிராளியின் பக்கம் சொத்தென்று விழுந்தால், புள்ளி வென்றவர் ஒரு கையை உயர்த்திக் காட்டுவார். அதற்கு மன்னிப்பு என்று பெயர். உள்ளுக்குள் ஒருவருக்கும் வருத்தம் கிடையாது. புள்ளி கிடைத்ததற்கு யாராவது வருந்துவார்களா? ஆனாலும் கை உயர வேண்டும். கல்யாணப் பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டவரையும் “இன்னும் கொஞ்சம்” என்று உபசரிப்பதுபோல ஒரு சம்பிரதாயம். எந்த விதிப் புத்தகமும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 27 அன்று யுஎஸ் ஓபன் இரண்டாம் சுற்றில் டெய்லர் டவுன்செண்ட் அந்தக் கையை உயர்த்தவில்லை என்பது யெலெனா ஒஸ்டபென்கோவின் குற்றச்சாட்டு. 7-5, 6-1 எனத் தோற்றவர் வலையருகே விரலை நீட்டி, உனக்குப் படிப்பில்லை, தரமில்லை என்று பேசினார். ஒரு கறுப்பினப் பெண்ணைப் பார்த்து, அமெரிக்காவில், நியூயார்க் கூட்டத்தின் முன்னால். அந்தச் சொற்களுக்கு அங்கே என்ன கனம் என்பது ஒஸ்டபென்கோவுக்குத் தெரிந்ததோ இல்லையோ, பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. ஆங்கிலம் தன் தாய்மொழி இல்லை, டென்னிஸ் மரியாதையைத்தான் சொல்லவந்தேன் என்று பிறகு மன்னிப்புக் கேட்டார். மரியாதை தெரியாது என்று அடுத்தவரைச் சொல்வதற்கு அவர் தேர்ந்தெடுத்த மரியாதை அது! டவுன்செண்ட் பதற்றமே இல்லாமல் பேட்டி கொடுத்துவிட்டுப் போய், அடுத்த சுற்றில் மிரா ஆண்ட்ரீவாவை வீழ்த்தினார். அதற்கடுத்து பார்பரா கிரெய்சிகோவாவிடம் எட்டு மேட்ச் பாயின்ட்களைக் கோட்டைவிட்டுத் தோற்றார். அன்றைக்கு அவரைத் தெரியாதவர்கள்கூட வருந்தினார்கள்.

அதே யுஎஸ் ஓபனின் முதல் நாளில் ரசிகர்கள் வெறும் பார்வையாளர்களாக இல்லை. பெஞ்சமின் போன்ஸிக்கு மேட்ச் பாயின்ட். முதல் சர்வீஸ் தவறியபோது ஒரு புகைப்படக்காரர் மைதானத்துக்குள் நுழைந்துவிட, அம்பயர் போன்ஸிக்கு முதல் சர்வீஸை மறுபடி கொடுத்தார். எதிராளி டேனியல் மெத்வெதேவ் வெகுண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கைகளை உயர்த்தி உசுப்பேற்றினார். ஆறு நிமிடங்களுக்கு மேல் ஊளை, ஆட்டம் நின்றது. அந்த செட்டை மெத்வெதேவ் பிடுங்கிக்கொண்டார், அடுத்ததை 6-0 என வென்றார், ஐந்தாவதில் தோற்று ராக்கெட்டை உடைத்தார். அபராதம் 42,500 டாலர். கத்திய கூட்டத்துக்கு அபராதம் கிடையாது.

கூட்டத்தின் தீர்ப்பு எவ்வளவு கொடியது என்பதை ஜனவரியிலேயே பார்த்தோம். மெல்பர்னில் ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் முதல் செட்டை டைபிரேக்கரில் இழந்ததும், தொடைத் தசை கிழிந்த ஜோகோவிச் ஸ்வெரெவிடம் கைகொடுத்து விலகினார். கிளம்பிப் போனவரை நோக்கி ஊளையிட்டார்கள். காயம்பட்டுப் போகிறவரை இப்படி அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொண்டவர், வென்ற ஸ்வெரெவ். பிறகு ஜோகோவிச் தன் எம்ஆர்ஐ படத்தையே வெளியிட வேண்டியிருந்தது. நடிக்கவில்லை என்று நிரூபிக்க 24 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் போதவில்லை பாருங்கள்.

ஜூலையில் அதற்கு நேர்மாறான காட்சி. கிரிகோர் திமித்ரோவ், சக ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தரும் எட்பர்க் நன்னடத்தை விருதை 2024க்காகப் பெற்றவர். விம்பிள்டனில் சின்னரை இரண்டு செட் முந்தியிருந்தபோது மார்புத் தசை கிழிந்து சரிந்தார். சின்னர் வலையைத் தாண்டி ஓடினார், அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வெளியே நடந்தார், இதை வெற்றியாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்றார். சென்டர் கோர்ட் எழுந்து நின்றது.

அதே சின்னர்தான் பிப்ரவரி முதல் மே வரை மூன்று மாத ஊக்கமருந்துத் தடையில் இருந்தவர். பிசியோவின் கைவழியாக உடலில் சேர்ந்த ஒரு துளி குளோஸ்டெபால் என்ற விளக்கத்தை அதிகாரிகள் ஏற்றார்கள். எந்த கிராண்ட் ஸ்லாமும் நழுவாதபடி தடை அமைந்ததை எதிரணி ரசிகர்கள் ஏற்கவில்லை. எனக்கும் அந்தத் தேதிகள் உறுத்தத்தான் செய்தன. ஆனால் அந்தப் பையைத் தூக்கிய கைகளையும் பார்த்தேனே.

எங்கள் சின்னர் பக்தருக்கு இப்படிப்பட்ட குழப்பங்களே கிடையாது. ஜூன் 8, ஞாயிறு மாலை, பாரிஸ் இறுதி ஆட்டம் பார்க்க அவர் வீட்டில் கூடினோம். சின்னருக்கு இரண்டு செட் கைவசம். நான்காவதில் 5-3, அல்கராஸ் சர்வீஸில் 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட். பக்தர் இனிப்பு டப்பாவையே திறந்துவிட்டார். மூன்றும் போயின. ஆட்டம் 5 மணி 29 நிமிடம் நீண்டது, பிரெஞ்சு ஓபன் வரலாற்றில் இவ்வளவு நீண்ட இறுதி ஆட்டம் கிடையாது. கடைசி டைபிரேக்கர் 10-2 என அல்கராஸுக்கு. நம் ஊரில் நள்ளிரவு தாண்டிவிட்டது, காலையில் எல்லோருக்கும் ஆபீஸ். சின்னர் முகம் சுளிக்காமல் வந்து கைகொடுத்தார், அல்கராஸ் அவரைப் பாராட்டிப் பேசினார்.

டிவியை அணைத்துவிட்டு பக்தர் சும்மா உட்கார்ந்திருந்தார். “என்ன சார், ஒண்ணுமே சொல்லலை?” என்றேன்.

“அஞ்சரை மணி நேரமா அந்தப் பையன்கிட்ட ஏதாவது ஒரு போங்கு கண்டுபிடிக்கலாம்னு பார்த்தேன்” என்றார். “கிடைக்கலை.” டப்பாவை எங்கள் பக்கம் தள்ளினார்.