வாக்குப் பதிவும் உறுப்பினர் செயற்பாடும்: தென்சென்னைத் தொகுதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சட்டமியற்றும் அவை உறுப்பினர் ஒருவரின் செயற்பாட்டை அவர் அளித்த வாக்குகளைக் கொண்டு மதிப்பிடும் முறை மேலைநாட்டு அரசியல் ஆய்வுகளில் வேரூன்றியது. இந்திய அவைகளில் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கெடுப்பால் எட்டப்படுகின்றன. பெயர் பதிவாகும் வாக்குகளும் கட்சியின் கொறடா ஆணைக்கு உட்பட்டவை. இந்நிலையில் வாக்குப் பதிவு எதைக் காட்டும், எதை மறைக்கும் என்பதை, 2017 பிப்ரவரி 18 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் நடைபெற்ற நம்பிக்கை வாக்கெடுப்பைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. தென்சென்னை மக்களவைத் தொகுதிக்குள் அடங்கும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் ஆய்வின் எல்லையாக அமைகின்றன.

திறவுச் சொற்கள்: குரல் வாக்கெடுப்பு, எண்ணிக் கணிக்கும் முறை, கொறடா, பத்தாம் அட்டவணை, தனிநபர் மசோதா, தென்சென்னை.

முன்னுரை

கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்கு நாள்தோறும் மாணவர்களும் ஆய்வாளர்களும் வந்து செல்கின்றனர். அவர்களுள் ஒருவர், “என் தொகுதி உறுப்பினர் இன்ன மசோதாவிற்கு எவ்வாறு வாக்களித்தார்?” என்று வினவினால், பெரும்பாலான மசோதாக்களைப் பொறுத்தவரை அதற்கு விடை கிடைக்காது. ஆவணங்கள் தொலைந்தமையால் நேர்ந்த இடைவெளி அன்று இது. அவ்விடை எங்கும் பதிவாகவே இல்லை என்பதே காரணம்.

இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளாமல், வருகை விழுக்காடு, கேட்ட வினாக்களின் எண்ணிக்கை, பங்கேற்ற விவாதங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூட்டி உறுப்பினர்களைத் தரவரிசைப்படுத்தும் போக்கு இதழ்களிலும் ஆய்வேடுகளிலும் பெருகி வருகிறது. எண்கள் துல்லியமானவை என்ற எண்ணத்தைத் தோற்றுவிப்பதால், அவற்றின் பின்னுள்ள நடைமுறையை ஆராய்வது இன்றியமையாததாகிறது.

வாக்கு பதிவாகும் முறை

நாடாளுமன்றத்தின் முடிவுகள், வந்திருந்து வாக்களிக்கும் உறுப்பினர்களின் பெரும்பான்மையால் அமைய வேண்டும் என்று அரசமைப்பின் 100ஆம் உறுப்பு கூறுகிறது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு 189ஆம் உறுப்பு இதே விதியை வகுக்கிறது. பெரும்பான்மையை அறியும் வழி அவை நடத்தை விதிகளைச் சார்ந்தது.

மக்களவை விதிகளின்படி, முதலில் குரல் வாக்கெடுப்பு நடைபெறும். ‘ஆம்’ என்போரின் குரலையும் ‘இல்லை’ என்போரின் குரலையும் கேட்டு அவைத்தலைவர் தம் கணிப்பை அறிவிப்பார். அதனை யாரும் மறுக்காவிடில் முடிவு உறுதியாகிவிடும். மறுத்தால் மட்டுமே பெயர் பதிவாகும் வாக்கெடுப்பிற்கு இடமுண்டு. அக்கோரிக்கை தேவையற்றது என அவைத்தலைவர் கருதினால், உறுப்பினர்களை இருக்கையில் எழுந்து நிற்கச் செய்து தலைகளை எண்ணி முடிவை அறிவிக்கலாம். அவ்வாறு எண்ணும்போது வாக்களித்தோரின் பெயர்கள் பதிவாகா என்று 367ஆம் விதி வெளிப்படையாகவே கூறுகிறது.

அரசமைப்புத் திருத்தங்களின் நிலை வேறு. 368ஆம் உறுப்பு, அவையின் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை என்பதால், எண்ணிக்கை கட்டாயமாகிறது. 2023 செப்டம்பர் 20 அன்று மக்களவையில் மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்த மசோதா 454 வாக்குகள் ஆதரவாகவும் 2 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறியதை எண்ணிக்கையோடு கூற முடிவது இதனாலேயே. மாறாக, 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள், எதிர்க்கட்சியினர் பெயர் பதிவாகும் வாக்கெடுப்பைக் கோரிய நிலையிலும், குரல் வாக்கெடுப்பால் நிறைவேறின. நாடெங்கும் போராட்டத்திற்கு வழிவகுத்த அச்சட்டங்களுக்கு அந்த அவையில் யார் ஆதரவளித்தனர் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது.

எனவே, பதிவான வாக்குகள் ஓர் உறுப்பினரின் மொத்தச் செயற்பாட்டில் எடுக்கப்பட்ட நடுநிலையான மாதிரி அல்ல. அரசமைப்புத் திருத்தம், நம்பிக்கைத் தீர்மானம், எதிர்ப்பு தெரிவிக்கப்பட்டுப் பெயர்ப் பதிவு ஏற்கப்பட்ட தருணம் ஆகியவற்றின் பக்கம் சாய்ந்த தொகுப்பு அது.

கொறடா ஆணையும் பத்தாம் அட்டவணையும்

பதிவான வாக்கையும் உறுப்பினரின் தனிக்கருத்தாகக் கொள்ள இயலாது. 1985ஆம் ஆண்டின் 52ஆவது திருத்தம் அரசமைப்பில் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. அதன்படி, முன் இசைவின்றிக் கட்சியின் ஆணைக்கு மாறாக வாக்களிப்பவரும், வாக்களிக்காமல் விலகி நிற்பவரும், அச்செயலைக் கட்சி 15 நாட்களுக்குள் பொறுத்துக்கொள்ளாவிடில், பதவி இழக்க நேரிடும். கட்சியின் உறுப்பினர் பதவியைத் தாமாக விட்டுவிடுவதும் தகுதிநீக்கத்திற்குரிய மற்றொரு காரணமாகும்.

1992இல் கிஹோட்டோ ஹொலோஹன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வட்டவணையை ஏற்றுக்கொண்டது. ஆயினும், பதவியிழப்பிற்கு இட்டுச்செல்லும் கொறடா ஆணை, அரசின் வாழ்வு தொடர்பான வாக்கெடுப்பிற்கும் கட்சியின் அடிப்படைக் கொள்கைக்கும் உரியதாக அமைவதே முறை என்னும் கருத்தையும் அது முன்வைத்தது. நடைமுறையில் கொறடா ஆணையின் எல்லை சுருங்கவில்லை. 1985க்குப் பிந்தைய வாக்குப் பதிவு, உறுப்பினரின் மனப்போக்கைவிடக் கட்சியின் நிலைப்பாட்டையே முதன்மையாகக் காட்டுகிறது எனலாம்.

2017 பிப்ரவரி 18: ஆறு தொகுதிகள்

மேற்கூறிய விதிகள் செயற்பட்ட விதத்தைத் தமிழ்நாட்டு நிகழ்வொன்றில் காணலாம். எடப்பாடி கே. பழனிசாமி முதலமைச்சராகப் பொறுப்பேற்றபின் கோரிய நம்பிக்கைத் தீர்மானம் 2017 பிப்ரவரி 18 அன்று வாக்கெடுப்பிற்கு வந்தது. இரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கையைப் பேரவைத் தலைவர் ப. தனபால் ஏற்கவில்லை. எண்ணிக் கணிக்கும் முறையில் 122 பேர் ஆதரவாகவும் 11 பேர் எதிராகவும் வாக்களித்தனர்.

மொத்தம் 234 இடங்களுள் ஜெ. ஜெயலலிதாவின் மறைவால் ஓரிடம் காலியாக இருந்தது. எஞ்சிய 233 பேரில் வாக்களித்தோர் 133 பேர். வாக்குகள் சமமானால் மட்டுமே வாக்களிக்கும் பேரவைத் தலைவர் ஒருவர். அவைக்கு வராத அ.தி.மு.க. உறுப்பினர் ஒருவர். மீதி 98 பேர் எதிர்க்கட்சியினர்: தி.மு.க. 89, காங்கிரஸ் 8, இந்திய யூனியன் முஸ்லிம் லீக் 1.

இந்த 98 பேரையும் ஒரு பட்டியலில் ‘வாக்களிக்காதோர்’ என்று குறித்தால் கணக்கு சரியாகவே இருக்கும். ஆயின் அவர்கள் ஒரே வகையினர் அல்லர். தி.மு.க. உறுப்பினர்கள் அவைக் காவலர்களால் வெளியேற்றப்பட்டனர். காங்கிரஸ், முஸ்லிம் லீக் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். மு. கருணாநிதி உடல்நலக் குறைவால் அன்று அவைக்கு வரவில்லை. வெளியேற்றம், வெளிநடப்பு, நலக்குறைவு ஆகிய மூன்றும் எண்ணில் ஒன்றாகிவிடுகின்றன.

தென்சென்னை மக்களவைத் தொகுதியில் மயிலாப்பூர், தியாகராய நகர், விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, வேளச்சேரி, சோழிங்கநல்லூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். 2016 தேர்தலில் முதல் மூன்றில் அ.தி.மு.க.வும் பின்னைய மூன்றில் தி.மு.க.வும் வென்றிருந்தன. மயிலாப்பூர் உறுப்பினர் ஆர். நட்ராஜ், ஓ. பன்னீர்செல்வம் அணியைச் சார்ந்து தீர்மானத்தை எதிர்த்த 11 பேருள் ஒருவர். தியாகராய நகர் உறுப்பினர் பி. சத்தியநாராயணன், விருகம்பாக்கம் உறுப்பினர் வி.என். ரவி ஆகியோர் ஆதரித்த 122 பேரில் அடங்குவர். சைதாப்பேட்டை மா. சுப்பிரமணியன், வேளச்சேரி வாகை சந்திரசேகர், சோழிங்கநல்லூர் எஸ். அரவிந்த் ரமேஷ் ஆகிய தி.மு.க. உறுப்பினர்களின் வாக்கு கணக்கில் இடம்பெறவில்லை.

அடுத்தடுத்து அமைந்த ஆறு தொகுதிகளில் இரண்டு ஆதரவு, ஓர் எதிர்ப்பு, மூன்று வெற்றிடம் என்பதே அன்றைய பதிவு. அரசு நீடிக்க வேண்டுமா என்ற தலையாய வினாவில், தென்சென்னை வாக்காளருள் பாதித் தொகுதிகளைச் சேர்ந்தோரின் சார்பில் எவ்வாக்கும் எண்ணப்படவில்லை. அம்மூவர் அரசை எதிர்த்தனர் என்பது ஐயமற்றது. எனினும் வாக்குப் பட்டியலை மட்டும் நோக்கும் ஆய்வாளருக்கு அது புலப்படாது.

வாக்கிற்குப் பின்

வாக்கெடுப்பை அடுத்து நிகழ்ந்தவை மேலும் கருதத்தக்கவை. எதிர்த்து வாக்களித்த 11 பேரைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய மனுக்களை 2018 ஏப்ரல் 27 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2020 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அம்முடிவைப் பேரவைத் தலைவரின் பொறுப்பிலேயே விட்டது. இதற்கிடையே, 2017 ஆகஸ்டு 21 அன்று இரு அணிகளும் இணைந்து, பன்னீர்செல்வம் துணை முதலமைச்சராகியிருந்தார்.

இணைப்பிற்குப் பின், முதலமைச்சருக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாக ஆளுநரிடம் கடிதம் அளித்த அ.தி.மு.க. உறுப்பினர்களுள் 18 பேர், 2017 செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் 2018 ஜூன் 14 அன்று மாறுபட்ட தீர்ப்புகளை வழங்க, மூன்றாவது நீதிபதி அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கத்தை உறுதிசெய்தார்.

இப்பதினெண்மரும் பிப்ரவரி 18 அன்று அரசுக்கு ஆதரவாக வாக்களித்தவர்கள். அவையில் அரசை எதிர்த்து வாக்களித்தோர் உறுப்பினராகத் தொடர, ஆதரித்து வாக்களித்தோர் பின்னர் அவைக்கு வெளியே அளித்த கடிதத்தால் பதவி இழந்தனர். சட்ட அடிப்படையில் இரண்டும் வெவ்வேறு: முன்னது கொறடா ஆணை மீறல் பற்றிய வினா; பின்னது கட்சி உறுப்பினர் பதவியைத் தாமாகத் துறந்தனரா என்னும் வினா. ஆயினும், உறுப்பினர் ஒருவரின் அரசியல் நிலைப்பாட்டை வாக்குப் பதிவிலிருந்து மட்டும் வருவித்தல் எத்துணைப் பிழையாகும் என்பதற்கு இதனினும் தெளிவான தமிழ்நாட்டுச் சான்று வேண்டியதில்லை.

வாக்கில் அடங்காத செயற்பாடு

வாக்கில் தோற்ற முயற்சி, செயற்பாட்டில் தோல்வி ஆகாது என்பதற்கு அறிஞர் அண்ணாவின் மாநிலங்களவைப் பணி சான்றாகும். 1962இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். வங்காளத்தைச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் பூபேஷ் குப்தா, சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டக் கொணர்ந்த தனிநபர் மசோதாவை 1963இல் அண்ணா ஆதரித்துப் பேசினார். பெயர் மாற்றத்தால் என்ன பயன் என்று வினவியோரை நோக்கி, நாடாளுமன்ற அவைகளுக்கும் குடியரசுத் தலைவருக்கும் இந்திப் பெயர்கள் வழங்கப்பட்டதன் பயன் யாது என அவர் திருப்பி வினவினார். மசோதா தோற்றது.

1967 பொதுத்தேர்தலில் அண்ணா தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றார், பின்னர் முதலமைச்சரானார். 1967 ஜூலை 18 அன்று சட்டப்பேரவை பெயர்மாற்றத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. நாடாளுமன்றச் சட்டத்தின்வழி 1969 ஜனவரி 14 முதல் பெயர்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. 1963இன் வாக்கை மட்டும் நோக்கினால் அவர் தோற்ற அணியினர். அவர் முன்வைத்த வாதமோ ஆறு ஆண்டுகளில் சட்டமாயிற்று.

அண்மைக்காலச் சான்று, திருச்சி சிவா மாநிலங்களவையில் கொணர்ந்த திருநர் உரிமைகள் மசோதா. 2015 ஏப்ரல் 24 அன்று அது நிறைவேறியது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அவையொன்றில் தனிநபர் மசோதா ஒன்று நிறைவேறியது அதுவே முதன்முறை. அது மக்களவையில் நிறைவேறிச் சட்டமாகவில்லை. மாநிலங்களவையில் அது குரல் வாக்கெடுப்பால் ஏற்கப்பட்டமையால், ஆதரித்த உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலும் இல்லை. வாக்குப் பதிவைத் தேடும் ஆய்வில் இந்நிகழ்வு இடம்பெறாமலே போகும்.

எண்களை வாசிக்கும் முறை

வாக்கிற்கு மாற்றாகக் கொள்ளப்படும் பிற எண்களுக்கும் வரம்புகள் உண்டு. மக்களவையில் ஒரு நாளுக்கு உடுக்குறியிட்ட வினாக்கள் 20, உடுக்குறியிடாத வினாக்கள் 230 என்ற உச்சவரம்பு உள்ளது. அறிவிப்புகள் மிகுதியாயின் குலுக்கல் முறையில் முன்னுரிமை அமைகிறது. எனவே வினாக்களின் எண்ணிக்கையில் உறுப்பினரின் முயற்சியோடு குலுக்கலின் வாய்ப்பும் கலந்துள்ளது. அமைச்சர்கள் வினா எழுப்புவதில்லை. வருகைப் பதிவேட்டிலும் ஒப்பமிடுவதில்லை. அமைச்சராக இருந்த காலத்தை நீக்காமல் கணக்கிட்டால், அவர் செயலற்ற உறுப்பினராகவே தோன்றுவார்.

இவற்றால் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, ஒவ்வொரு முடிவும் குரல் வாக்கெடுப்பால் அமைந்ததா, பெயர்ப் பதிவால் அமைந்ததா என்பதைக் குறிப்பிடல் வேண்டும். இரண்டாவதாக, ‘வாக்களிக்கவில்லை’ என்ற ஒற்றைப் பிரிவை வராமை, விலகி நிற்றல், வெளிநடப்பு, வெளியேற்றம் எனப் பகுத்தல் வேண்டும். மூன்றாவதாக, வினாக்களையும் உரைகளையும் எண்ணுவதோடு நில்லாமல், அவை நடவடிக்கைக் குறிப்புகளில் அவற்றின் பொருளையும், அரசு அளித்த விடையையும், பின்விளைவையும் தொடர்ந்து காணல் வேண்டும்.

முடிவுரை

இந்திய அவைகளில் உறுப்பினரின் வாக்கு அரிதாகவே பெயருடன் பதிவாகிறது; பதிவாகும்போதும் கட்சி ஆணையின் நிழலிலேயே அமைகிறது. ஆகவே வாக்குப் பதிவைத் தனித்து நோக்கி உறுப்பினரை மதிப்பிடுதல் பொருந்தாது. 2017 பிப்ரவரி 18இன் ஆறு தொகுதிப் பதிவும், 11 பேர், 18 பேர் ஆகியோரின் மாறுபட்ட முடிவுகளும் இதனை உறுதிப்படுத்துகின்றன. அதே வேளையில், வாக்குப் பதிவு பயனற்றது என்பது இக்கட்டுரையின் முடிவன்று. மயிலாப்பூர் உறுப்பினரும் தியாகராய நகர் உறுப்பினரும் ஒரே கட்சியினராயினும் மாறுபட்டு வாக்களித்தனர் என்பதை அத்தொகுதி மக்கள் அறிய முடிந்தது, அன்று வாக்குகள் வெளிப்படையாக எண்ணப்பட்டமையால்தான். சட்டம் ஒவ்வொன்றின் இறுதி வாக்கெடுப்பும் பெயருடன் பதிவாக வேண்டும் என விதிகளைத் திருத்துவது அவைகளின் கையில் உள்ளது. அதுவரை, பதிவில் உள்ள வெற்றிடங்களையும் சான்றாகக் கொண்டு, அவற்றின் காரணத்தைப் பதிவுசெய்வது ஆய்வாளரின் கடமையாகும்.