ஏட்டுச் சட்டமும் ஏழையின் வழக்கும்

படப்பையிலிருந்து கிழக்கே வண்டலூரைக் கடந்து, கேளம்பாக்கம் சாலையில் சென்றால் புதுப்பாக்கம் வரும். 1891-இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி, 2018-இல் அங்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து இடம்பெயர்ந்தது. நம் பிள்ளைகளுக்குக் கல்லூரி அருகில் வந்துவிட்டது. ஆயின், ஏட்டுக் கல்வி மட்டும் போதுமா?

போதாது என்கிறது இந்திய பார் கவுன்சில். அதன் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும், மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் நேரடிப் பயிற்சி பெறவேண்டும்.

காரணம் உண்டு. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் அகன்று, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. மனப்பாடம் செய்த பிரிவு எண்கள் ஒரே நாளில் மாறின. கட்சிக்காரரின் துயரைப் பொறுமையாய்க் கேட்டு, பத்திரத்தை ஆராய்ந்து, பிழையின்றி மனு எழுதும் திறனோ மாறவில்லை.

பெற்றோரே! அவ்வாரங்கள் வெறும் சான்றிதழுக்காகக் கழிந்துவிட வேண்டா. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தார் ஆகியோர்க்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டென்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். இவ்வுரிமையை அறியாத ஏழைகள் நம் பங்கிலும் உளர். பயிலும் பிள்ளை சட்ட உதவி மையத்தில் அவர்களோடு அமரட்டும். 1303-இல் மறைந்த புனித இவோ, ஏழைகளின் வழக்கறிஞர் என்றே போற்றப்படுகிறார். அப்பெயரினும் உயர்ந்த பட்டம் வேறு உண்டோ?