தாய்ப்பாலில் இறங்கிய நஞ்சு

சென்னையில் மாட்டுப்பால், கொல்கத்தாவில் குளத்து மீன்: குப்பைமேட்டு விஷம் எந்த வழியாக வீட்டுக்குள் நுழைகிறது என்று ஓர் ஆராய்ச்சிக் குழு துப்பறிந்தது

காலை ஏழு மணி லேக் மார்க்கெட்டில் இரண்டு ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒரு பக்கம் வாழை இலை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, மல்லிகைச் சரம். மறுபக்கம் பெரிய அரிவாள்மணையில் துண்டாகும் ரோகுவும் கட்லாவும். தெற்கு கொல்கத்தாவில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது பழகிய காட்சி. கீரை வாடியிருக்கிறதா, மீனின் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எவரும் வாங்குகிறார்கள். ஆனால் கண், மூக்கு, நாக்கு மூன்றுக்கும் டிமிக்கி கொடுக்கும் ஒரு சங்கதியும் உணவில் இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்கத் தனிச் சோதனைக்கூடம் வேண்டும்.

விஞ்ஞானிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'நிலைத்திருக்கும் கரிம மாசுகள்'. டி.டி.டி., பி.எச்.சி. போன்ற பூச்சிமருந்துகள், பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருக்கும் பி.சி.பி., குப்பை எரியும்போது பிறக்கும் டயாக்சின் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவை எளிதில் சிதைவதில்லை. நீரில் கரைவது அரிது. கொழுப்பில் நன்றாகக் கரையும். குளத்துப் பாசியிலிருந்து சிறு மீனுக்கும் அதிலிருந்து பெரிய மீனுக்கும் போகப் போக அடர்த்தி கூடுகிறது. இந்த ஏணியின் உச்சிப்படியில் மனிதன் இருப்பதாக நினைப்பது வழக்கம். அதற்கு மேலும் ஒரு படி உண்டு: கைக்குழந்தை. தாயின் உடல் கொழுப்பில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்தது பாலில் இறங்குகிறது. அதிலும் முதல் குழந்தைக்கே பங்கு அதிகம்.

லேக் மார்க்கெட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள், நகரின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது தாப்பா. 19ஆம் நூற்றாண்டிலிருந்து கொல்கத்தாவின் குப்பை இங்கேதான் போய்ச் சேர்கிறது. அந்த மண்ணில் காய்கறி விளைகிறது; சுற்றிலும் குளங்களில் மீன் வளர்கிறது. இந்தக் குப்பைமேட்டைச் சுற்றி வசிக்கும் தாய்மார்களின் பாலைச் சோதித்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் நடத்திய அந்த ஆய்வில் இடம்பெற்ற தமிழர் அண்ணாமலை சுப்பிரமணியன்.

முடிவு எதிர்பார்த்த மாதிரி இல்லை. பூச்சிமருந்து எச்சங்களில் குப்பைமேட்டுத் தாய்மார்களுக்கும் மற்ற பகுதித் தாய்மார்களுக்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. டயாக்சினைப் போலவே செயல்படும் ஒருவகை பி.சி.பி. மட்டும் குப்பைமேட்டுப் பக்கம் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. அங்கே எத்தனை ஆண்டு குடியிருந்தார்களோ, அதற்கேற்ப அளவும் ஏறியிருந்தது. எந்த வழியாக வந்தது? ஆய்வாளர்களின் சந்தேகம் குப்பைமேட்டை ஒட்டிய குளங்களின் மீன் மீது விழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அதே குழு சென்னையில் வேறொரு வழியைக் கண்டிருந்தது. பெருங்குடி குப்பைமேட்டைச் சுற்றி வசித்த தாய்மார்களின் பாலில் டயாக்சின் வகைகள் அதிகம் இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு சொன்னது. அங்கே சந்தேகத்துக்கு ஆளானது மாட்டுப்பால். மேட்டில் மேயும் மாடு, எரிந்த குப்பையின் கழிவையும் சேர்த்தே விழுங்குகிறது. கறவையில் அது வெளியே வருகிறது. குப்பை ஒன்றுதான். ஆனால் வங்காளிக்கு மீன் வழியாகவும் சென்னைக்காரருக்குப் பால் வழியாகவும் அது வீடு தேடி வருகிறது. எந்த உணவை ஊர் அதிகம் நம்புகிறதோ, அதுவே நஞ்சுக்கு வாகனமாகிறது.

பரங்கிப்பேட்டையிலிருந்து அண்டார்டிகா வரை

இந்தத் தேடலின் வேர் தமிழகக் கடற்கரையில் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்தவர் சுப்பிரமணியன். 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ரியோ தத்சுகாவா, ஷின்சுகே தனபே ஆகியோருடன் சேர்ந்து உழைத்தார். பயிர் பச்சையே இல்லாத அண்டார்டிகாவின் மீன்களிலும் டி.டி.டி.யும் பி.சி.பி.யும் இருப்பதை 1983இல் வெளியான அவர்களது கட்டுரை காட்டியது. வடபசிபிக் கடலின் ஒருவகைக் கடற்பன்றிகளில் இந்த நஞ்சுகள் கூடக்கூட ஆண் ஹார்மோன் குறைவதாக 1987இல் எழுதினார்கள்.

யாருமே தெளிக்காத இடத்துக்கு மருந்து எப்படிப் போனது? பதிலின் ஒரு பகுதி வெள்ளாற்றுப் படுகையின் நெல்வயல்களில் கிடைத்தது. அங்கே தெளித்த பி.எச்.சி.யில் 99.6 சதவீதம் காற்றில் ஆவியாகிப் போனதாக 1991இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வெப்பநாட்டில் தெளித்த மருந்து தெளித்த இடத்தில் தங்குவதில்லை. காற்றோடு கிளம்பி, குளிர்ந்த பகுதிகளில் போய்ப் படிகிறது. தஞ்சை வயலுக்கும் துருவக் கடலுக்கும் இடையே இப்படி ஒரு கண்ணுக்குத் தெரியாத பாதை உண்டு.

ஜப்பானுக்கு இதில் இத்தனை அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. 1968இல் அந்நாட்டின் மேற்குப் பகுதியில் பி.சி.பி. கலந்த தவிட்டெண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தியவர்கள் தோல் கருத்து, கொப்புளம் கிளம்பி, பல்லாண்டு அவதிப்பட்டார்கள். 'யூஷோ' என்று அந்த நோய்க்கே பெயர் வைக்கும்படி ஆயிற்று. பி.சி.பி. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2013இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது.

சட்டம் ஒரு பக்கம், தீ ஒரு பக்கம்

சட்டம் சும்மா இருந்துவிடவில்லை. விவசாயத்தில் டி.டி.டி.க்கு 1989இல் இந்தியா தடை போட்டது. பி.எச்.சி. 1997இல் தடைசெய்யப்பட்டது. இந்த நஞ்சுகளை ஒழிப்பதற்கென 2001இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006இல் இந்தியா ஏற்று உறுதிசெய்தது. பி.சி.பி. தயாரிப்பையும் இறக்குமதியையும் தடுத்த 2016ஆம் ஆண்டு உத்தரவு, பயன்பாட்டையும் 2025 டிசம்பர் 31க்குள் முற்றிலும் நிறுத்த வேண்டும் என்று கெடு வைத்தது.

ஆனால் தடை போட்ட பொருள் மறுநாளே மறைந்துவிடுவதில்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் காயலான் கடைக்குப் போகின்றன. உடைக்கும்போது எண்ணெய் மண்ணில் சிந்துகிறது. டயாக்சின் விஷயம் இன்னும் சிக்கல். அதை யாரும் தயாரிப்பதே இல்லை. தடை போட ஒரு தொழிற்சாலைகூட இல்லை. பிளாஸ்டிக் கலந்த குப்பையில் தீ பற்றினால் அது தானாகவே பிறக்கிறது. செம்புக்காக வயரைக் கொளுத்தும் இடத்திலும் அதே கதை.

தாப்பாவின் கதையைக் கேட்டு நகரின் மீன் முழுவதையும் சந்தேகிப்பதும் நியாயமில்லை. கொல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேரில் பரந்த ஈரநிலம், நகரின் கழிவுநீரைச் சுத்தப்படுத்தி அதிலேயே மீனும் வளர்த்துத் தருகிறது. 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஏற்பாட்டின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சூழலியலாளர் துருவஜோதி கோஷ். எஹிமே குழு சுட்டிக்காட்டியது குப்பைமேட்டை ஒட்டிய குளங்களைத்தான். எந்தக் குளம் சுத்தம், எந்தக் குளம் மோசம் என்று மீனவரும் வாங்குபவரும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. விடாமல் சோதித்து, முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டிய வேலை அரசுடையது.

தாய்மார்களுக்கு ஒரு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பால் தரும் நன்மை இந்த மாசுகளால் வரும் தீங்கைவிடப் பெரிது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற அறிவுரையில் மாற்றமில்லை. இந்த ஆய்வுகளில் பால் ஒரு சாட்சி; குற்றவாளி அல்ல.

2020களில் பெருங்குடியிலும் தாப்பாவிலும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் வேலை தொடங்கியது. மேடு கரைந்தால் நல்லதுதான். ஆனால் அடியில் உள்ள மண்ணிலும் அருகிலுள்ள குளத்துச் சேற்றிலும் தங்கியது லாரியில் ஏறிப் போய்விடாது. பிளாஸ்டிக்கைப் பிரித்த கையோடு மண்ணையும் மீனையும் மாட்டுப்பாலையும் சோதித்தால்தான் அந்த வேலை முடிந்ததாக அர்த்தம். அதுவரை கணக்கு முடியாது: குப்பை போட்டது நகரம் முழுக்க; அதற்கு அதிக விலை கொடுப்பது மேட்டோரக் குடிசையில் பிறக்கும் குழந்தை.