நோய்க்கு இனம் உண்டா?



1998ஆம் ஆண்டின் கடைசியில் நம் நெகிரி செம்பிலானில் ஒரு கொடிய காய்ச்சல் பரவியது. சிரம்பானை அடுத்த சிக்காமாட், போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா ஆகிய இடங்களில் பன்றிப் பண்ணை நடத்தியவர்களும் அங்கே வேலை செய்தவர்களும் படுக்கையில் விழுந்தார்கள். முதலில் தலைவலி, காய்ச்சல், பிறகு மயக்கம், பலருக்கு நினைவு திரும்பவே இல்லை. பேராக்கில் ஈப்போ வட்டாரப் பண்ணைகளில் தொடங்கிய நோய், அங்கிருந்து விற்கப்பட்ட பன்றிகளோடு இங்கு வந்து சேர்ந்தது. 1999இல் அது ஓய்வதற்குள் நாட்டில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர்.

தொடக்கத்தில் இதைக் கொசுவினால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணினார்கள். ஊர் ஊராகப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கேயோ விழுந்தவர்கள் வளர்ந்த ஆண்கள். இன்னொன்றும் கண்ணில் பட்டது. நோயாளிகளில் பெரும்பாலோர் சீனர்கள். அக்கம்பக்கத்துக் கம்பங்களில் வாழ்ந்த மலாய்க்காரர்களை நோய் ஏறக்குறையத் தொடவே இல்லை.

இந்த ஒரே செய்தியை இரண்டு விதமாகப் படிக்கலாம். "இது சீனர் நோய், அவர்கள் தின்பதற்கும் வளர்ப்பதற்கும் வந்த கேடு" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வது ஒரு விதம். அப்படிப் பேசியவர்கள் உண்டு. மற்றொன்று, "கொசு இனம் பார்த்துக் கடிக்காதே, அப்படியானால் இது கொசுவினால் வந்ததாக இருக்க முடியுமா?" என்று கேட்பது. இரண்டாவது கேள்விதான் உயிர்களைக் காத்தது. பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்த இந்தியரும் நோயுற்றிருந்தார்கள். ஆகவே இனம் அல்ல, செய்த வேலையே காரணம் என்பது விளங்கியது. இருமிக்கொண்டிருந்த பன்றிகளைக் கையால் தொட்டுப் பராமரித்தவர்களுக்கே நோய் வந்திருந்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங்கும் அவருடன் உழைத்தவர்களும் ஒரு புதிய கிருமியைக் கண்டுபிடித்தனர். நோயாளியின் ஊரை வைத்து அதற்கு நிப்பா என்று பெயரிட்டார்கள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு அதோடு போயிற்று. பிறகு தெரிந்தது, கிருமியின் சொந்த வீடு பழந்தின்னி வௌவால் என்பது. கொட்டகையை ஒட்டி நின்ற பழமரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது. பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. இதில் எந்த இனத்தைக் கூண்டில் ஏற்றுவது?

நம் பாட்டன்மாரும் இப்படிப் பழி சுமந்தவர்கள்தாம். ரப்பர் தோட்டங்கள் எழுந்த காலத்தில் மலேரியாவினால் தமிழர்கள் லயம் லயமாகச் செத்தார்கள். "கூலிகளின் அசுத்தப் பழக்கம்" என்று சொல்வது துரைமார்களுக்கு எளிதாக இருந்தது. உண்மையில், காட்டை வெட்டியதால் வெயில் பட்ட மலையோடைகளின் தெளிந்த நீரில்தான் நோய் பரப்பும் கொசு பெருகியது. வெட்டச் சொன்னவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்! 1901இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்தபோது நோய் இறங்கிற்று. மக்களின் பழக்கத்தை மாற்றி அல்ல, வாய்க்கால் வெட்டி.

இப்படிப்பட்ட நாம் 2020இல் என்ன செய்தோம்?

அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த சமயக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 16,000 பேர் வந்தார்கள். அங்கிருந்து கோவிட் பரவியது. வந்தவர்களில் ரோஹிங்கியா அகதிகளும் இருந்தனர். பரிசோதனைக்கு வருவோரின் பத்திரம் பார்க்கப்படாது என்று மார்ச்சில் அரசாங்கம் கூறியது, நல்ல முடிவு. ஆனால் ஏப்ரலில், ஏறக்குறைய 200 ரோஹிங்கியாக்களோடு லங்காவிக்கு அருகே வந்த படகு, தொற்றைக் கொண்டுவரும் என்று திருப்பி அனுப்பப்பட்டது. அகதிகளை விரட்டச் சொல்லும் பேச்சு கைத்தொலைபேசிகளில் வீட்டுக்கு வீடு பரவியது. மே 1ஆம் நாள் கோலாலம்பூரில் பத்திரம் இல்லாத அந்நியத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டனர். அதே மாதத்தில் புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமில் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. பிடிபடுவோம் என்று அஞ்சுகிறவன் இருமலை மறைப்பான், மருந்தகத்துக்கு வரமாட்டான். அவன் குடியிருப்பது நம் லயத்துக்குப் பின்வரிசையில்.

தோட்டத்துப் பிள்ளைகள் சிலர், வங்காளதேசத் தொழிலாளி எதிரே வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியதை ஆசிரியர்களாகிய நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடம் கற்பிக்கவில்லை. பெற்றோர்களே, சாப்பாட்டு நேரத்தில் நாம் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அறையில் பத்துப் பேர் படுத்தால் தொற்று பத்துப் பேருக்கும் வரும். அவர்கள் எந்த நாட்டவரானாலும் அப்படித்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கென 1990இல் சட்டம் வந்தது. அது மற்றத் துறைத் தொழிலாளர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டு நடப்புக்கு வந்தது 2020 ஜூனில்தான்.

அந்த ஆண்டே பழி நம் பக்கமும் திரும்பியது. இந்தியாவிலிருந்து திரும்பிய ஒருவர் கெடாவில் தனிமைப்படுத்தல் விதியை மீறினார். நீதிமன்றம் அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தது. தவறு ஒருவருடையது, தண்டனையும் அவருக்கே. ஆனால் அந்தத் தொற்றுத் தொடருக்கு வைத்த பெயர் சிவகங்கை! நம்மில் பலருடைய தாத்தா பாட்டி கப்பலேறி வந்த சீமையின் பெயர், மாலைச் செய்தியில் நோயின் பெயராக ஒலித்தது. கேட்டபோது நமக்குச் சுருக்கென்றது அல்லவா? ஸ்ரீ பெட்டாலிங் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நோய்களுக்கு ஊர், இனம், தொழில் ஆகியவற்றின் பெயரை வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இலேயே கேட்டுக்கொண்டது. 2021 மே 31ஆம் நாள், "இந்திய வகை" என்று பலர் அழைத்த கோவிட் கிருமிக்கு டெல்டா என்று பெயர் தந்தது. சுங்கை நிப்பாவுக்கு அந்த விதி பிந்திவிட்டது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் அதே காய்ச்சல் வந்தபோதும், உலகச் செய்திகளில் அடிபட்டது நம் மாநிலத்துச் சிற்றூரின் பெயர்தான்.